தவக்காலத்து நாவல்

என் அண்ணி பாத்திமா மேரிக்குக் கதை எழுத வருவது தவக்காலத்தில் மட்டும்தான். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வருவார். மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். நாற்பது நாள் கழித்து, ஈஸ்டர் திருநாளான பாஸ்காவன்று ஆட்டுக்கறி அடுப்பில் ஏறும்போது போன் அலமாரிக்குப் போய்விடும். அதற்கப்புறம் அடுத்த சாம்பல் புதன் வரைக்கும் அவருடைய கதாநாயகி விட்ட இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் வரதராஜன்பேட்டையில் தவக்காலத்துக்குக் கறியை விடுகிறவர்கள் உண்டு, பூ வைக்காதவர்கள் உண்டு, டீயை விட்டுவிட்டுத் தலைவலியோடு அலைந்து எல்லார் மேலும் எரிந்து விழுகிறவர்களும் உண்டு. அந்த நாற்பது நாளில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, டிவியில் சீரியல் கிடையாது. ஆண்களில் பாதிப் பேர் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு குடியை நிறுத்திவிடுவார்கள். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் வருடம் முழுக்கப் பேச முடியாத விஷயங்களை எல்லாம் தவக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பார்கள். மகளைக் காலேஜில் சேர்ப்பது, ஒழுகுகிற கூரை ஓடுகளை மாற்றுவது, நின்றுபோன பேச்சுவார்த்தையைத் திரும்பத் தொடங்குவது, எல்லாம் இந்த நாற்பது நாளில் முடிந்துவிட வேண்டும். பாஸ்கா வந்துவிட்டால் கடை திறந்துவிடும், காது அடைத்துவிடும்.

அண்ணி எழுத ஆரம்பித்தது கொரோனாக் காலத்தில். அதற்கு முன்னால் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கிப் படிக்கிற ஆள்தான். அது வருவது நின்றதும் போனில் படிக்கத் தொடங்கினார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு அம்மா நடத்துகிற இணையதளம் அது. யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம், யாரும் திருத்த மாட்டார்கள், யாரும் தடுக்கவும் மாட்டார்கள். புது அத்தியாயம் போட்டால் அதற்கு 'யூடி' என்று பெயர். கீழே வாசகிகள் வந்து சூப்பர் சிஸ் என்றும், அடுத்த யூடி எப்போது என்றும் கேட்பார்கள். அண்ணி அதில் 'பாத்திமா ஆல்பர்ட்' என்ற பெயரில் சேர்ந்தார். ஆல்பர்ட் என்பது என் அண்ணன் மரிய ஆல்பர்ட். ஊரில் யாருக்கும் இல்லாத புருஷன்! எழுதுகிற கதைக்கும் அவன் பெயரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று நான் கேட்டேன். அண்ணி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணிக்கு வீட்டிலேயே முந்திரி உடைக்கிற வேலை. இடது கையில் கொட்டையைப் பிடித்து வலது கைக் கட்டையால் தட்ட வேண்டும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் விரல்களை அரித்துக் கருக்கி வைத்திருக்கும். ரேஷன் கடையில் அந்த விரல்களுக்குக் கைரேகை விழுவதே இல்லை. வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. அந்த ஒற்றை விரலால்தான் நாவலையே தட்டினார்.

அதைச் சாக்காகச் சொல்லி உட்காராமல் இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. தவக்காலத்தில் அவருடைய ஒழுங்கைப் பார்த்தால் மடத்துச் சிஸ்டர்களே வெட்கப்படுவார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் கையில் சோப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டு, ஓட்டு மூட்டைக்குப் பக்கத்தில் அதே ஜன்னல், அதே முக்காலி. யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். வரவில்லை என்றாலும் உட்கார்ந்திருப்பார். அண்ணன் வருவதற்குள் ஒரு யூடி முடிந்துவிடும்.

நான் ஜெயங்கொண்டத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். நாலு வயசுப் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு ஊரில் எல்லாருக்கும் பாடம் எடுக்கலாம் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது. எழுத்தாளர்களுக்கு நல்ல பழக்கங்கள் என்று யாரோ பேசிய வீடியோக்களை அண்ணிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள், இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார். அண்ணி ஒவ்வொரு வருடமும் நாற்பது நாள் விடாமல் செய்தார். பழக்கமாகவில்லை. நாற்பத்தோராம் நாள் போன் அலமாரியில் இருந்தது.

இதுதான் எனக்கு ஆத்திரம். மற்ற மாதங்களில் எழுத என்ன கேடு? அண்ணன் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலையில் இருந்தான். வாரம் முழுக்க அங்கேயே கூட்டாளிகளோடு ஒரு ரூமில் தங்கிக்கொள்வான். சனிக்கிழமை சாயங்காலம் குடித்துவிட்டு வருவான், ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடர்வான், திங்கட்கிழமை போய்விடுவான். மகள் சகாய பிரியா திருச்சியில் நர்சிங் ஹாஸ்டலில். வாரத்தில் ஐந்து நாள் வீடு சத்தமில்லாமல் காலியாகக் கிடந்தது. தவக்காலத்தில்தான், அந்த ரூமில் இருந்தால் விரதம் நிலைக்காது என்று அவன் தினமும் பைக்கில் வந்து போவான். வீட்டில் ஆள் இருக்கும்போது எழுதுகிறவர், ஆள் இல்லாதபோது எழுதுவதில்லை. சீசன் வேலை அதிகம் என்பார். மழையில் கொட்டை ஈரம் என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

கதையை நான் விடாமல் படித்தேன். இலக்கிய ஆசையில் இல்லை. என் அண்ணன் அதில் வருகிறானா என்று பார்க்கத்தான். வந்தான். கதையில் அவன் பெயர் தர்மராஜ், லாரி ஓட்டுகிறான், குடிக்கிறான். அவன் மனைவி ரோசலின் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டு அரியலூர் ரயில் நிலையத்தில் வந்து உட்காருகிறாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது. அவன் வந்து கூப்பிட்டால் திரும்பிப் போவது, வராவிட்டால் முதலில் வருகிற வண்டியில் ஏறிவிடுவது. இவ்வளவுதான் கதை. நடுநடுவே அவர்கள் கல்யாணம், குழந்தை, சண்டை என்று பழையது எல்லாம் வரும். திரும்பத் திரும்ப அந்த நடைமேடைக்கே வந்து நிற்கும். பாவம், ரோசலின் அந்த சிமெண்ட் பெஞ்சில் வருடக் கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு தவக்காலத்து மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்திரிப் பருப்பின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் செபமாலை. அண்ணி அன்றைய யூடியை அவனுக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனித்தும் நிறுத்தவில்லை. தர்மராஜ் பஸ்ஸில் புறப்படுவதாக எழுதியிருந்தார். அண்ணன் பருப்பைக் கீழே வைத்துவிட்டு, பஸ் எல்லாம் சரிப்படாது, அந்நேரத்துக்குப் பஸ் இல்லை, அவன் பைக்கில் வரட்டும் என்றான். அண்ணி அங்கேயே மாற்றி எழுதினார். நான் சிரித்தேன். தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தே அவன் அதற்கு வண்டி ஏற்பாடு செய்துகொடுத்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. குடிக்காத நாட்களில் என் அண்ணன் நல்ல மனுஷன். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நாட்கள் வருடத்துக்கு எத்தனை என்பதுதான் விஷயம்.

போன வருடத் தவக்காலம் முடிகிறபோது தர்மராஜ் அரியலூர் வரைக்கும் வந்துவிட்டான். நிலையத்துக்கு முன்னால் இருக்கிற ரயில்வே கேட்டில் பைக் நிற்கிறது. கேட் போட்டிருக்கிறது. அந்தக் கேட்டையும் போட்டது என் அண்ணன்தான். அது சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டி போகிற நேரம், சட்டென்று திறக்க மாட்டான் என்று அனுபவஸ்தன் மாதிரி சொன்னான். அன்று பெரிய சனிக்கிழமை. இன்னும் ரெண்டு மூன்று யூடி எழுதினால் முடிந்துவிடும், இன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுங்கள் அண்ணி என்று நான் கெஞ்சினேன். முற்றும் என்று ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கும் ஆசைதான். அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதற்குள் அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். பாஸ்காவுக்கு வேண்டியதை முதல் நாளே வாங்கி வைக்க வேண்டுமே.

"கேட்டு எங்கயும் போயிடாது பாத்திமா. அடுத்த வருசம் தெறந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து மூட்டை தூக்கும்போது அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவனைப் பாரம் தூக்காதே என்று சொல்வது எவ்வளவு சுலபம். ரூமைக் காலி செய்துவிட்டு வீட்டோடு வந்து படுத்துக்கொண்டான். முதலில் வலிக்கு என்று சாயங்காலம் குடித்தான். பிறகு வலி காலையிலேயே வர ஆரம்பித்தது.

நாங்கள் சாம்பல் புதனைத்தான் நம்பியிருந்தோம். நான் அண்ணியிடம், இன்னும் கொஞ்ச நாள்தான், மாலை போட்டுவிட்டால் நிறுத்திவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை வருடப் பழக்கம் அது! அண்ணி ஆணியில் மாட்டியிருந்த செபமாலையை எடுத்துக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். போனுக்குப் புது சார்ஜர் வாங்கியிருந்தார். சாம்பல் புதன் காலை நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போகலாம் என்று போனேன். அண்ணன் பாயில் கிடந்தான். எழுந்திருக்கவில்லை.

"முட்டி போட முடியாதவனுக்கு மாலை எதுக்கு? நாப்பது நாள் ஆண்டவருக்காக நான் வெரதம் இருந்தேன்ல வருசா வருசம். அவரு எனக்காக என்ன இருந்தாரு?" என்றான்.

அண்ணி செபமாலையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு என்னோடு கோயிலுக்கு வந்தார். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போது அண்ணி அழுதார். நான் பார்த்தேன். எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தில் பூசையே காதில் விழவில்லை.

இணையதளத்தில் வாசகிகள் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தவக்காலக் கணக்கு மனப்பாடம். வேலூரில் ஒரு முஸ்லிம் பெண் வருடா வருடம் சாம்பல் புதன் எப்போது என்று காலண்டரில் பார்த்து வைப்பதாக எழுதியிருந்தாள். கேட் திறந்ததா சிஸ், தர்மராஜ் வந்தானா சிஸ் என்று வரிசையாகக் கேள்விகள். அண்ணி ஒன்றுக்கும் பதில் போடவில்லை. நான்தான் போய், எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நான் பள்ளிக்கூடம் போன பிறகு வீடு காலியாகத்தான் இருக்கும், அமைதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று சாவியைக் கொடுத்தேன். நல்ல பழக்கத்துக்கு நல்ல இடம் வேண்டும் என்று அந்த வீடியோக்காரர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். நான் திருந்துகிற ஜென்மமா?

அண்ணி வந்தார். அதில் குறையே இல்லை. அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தினமும் அதே நேரத்துக்கு என் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். நான் சாயங்காலம் திரும்பும்போது போனைப் பிடித்தபடி அப்படியே இருப்பார். நாலு வரி எழுதி அழித்திருப்பார். சில நாள் எனக்கு வெங்காயம் உரித்து வைத்திருப்பார். நாளுக்கு நாலு வரி போதும் அண்ணி, எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நான் தேற்றினேன். கல் தேயவில்லை. எறும்புதான் தேய்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகிற நேரம். இன்றைக்கும் ஒன்றும் இல்லையா என்று நான் கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டிருப்பேன். வாசகிகள் எல்லாரும் காத்திருக்கிறார்களே, கேட்டைத் திறப்பதற்கு இவ்வளவு யோசனையா என்றேன். அண்ணி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அவங்களுக்காகவா எழுதுனேன் ஷாலினி? உங்க அண்ணனுக்குத்தான் எழுதுனேன். சாயங்காலம் குடிக்காம வந்து உக்காந்து, அப்புறம் என்னாச்சுன்னு கேக்கும்ல, அந்த மனுசனுக்கு. அது வருசத்துல ஒரு தடவதான் வரும். அது வந்தா எழுத வரும். இந்த வருசம் அது வரல."

ஐந்து வருடமாக இந்தப் பெண்ணுக்குப் பழக்கம் இல்லை, ஒழுங்கு இல்லை என்று நான் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பழக்கம் எல்லாம் இருந்தது. உட்காரும் பழக்கம், எழுதும் பழக்கம், காத்திருக்கும் பழக்கம். கேட்கிற காதுதான் நாற்பது நாளைக்கு மட்டும் இருந்தது. பாஸ்கா விடிந்ததும் அது குடிக்கப் போய்விடும். அதற்கப்புறம் யாருக்கென்று எழுதுவார்?

அன்று இரவே அண்ணனிடம் போய் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் போனேன், தெளிவாக இருப்பான் என்று. தெளிவாகத்தான் இருந்தான். அண்ணே, கதையாவது கேள், படுத்துக்கொண்டே கேள், மாலை போட வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சாயங்காலம் ஒரு மணி நேரம் குடிக்காமல் இருந்து கேள் என்று சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கியது. சரி என்றான். அன்று சாயங்காலம் அண்ணி போனோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது வாசனை அடித்தது. அண்ணி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். என் அண்ணனை அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

பெரிய சனிக்கிழமை மத்தியானம் அண்ணி என் வீட்டு மேசைக்கு வந்தார். அன்றைக்கு அழிக்கவில்லை. கட்டைவிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சத்தம் போடாமல் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கினேன். பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே வந்து, போட்டாச்சு, முற்றும் போட்டாச்சு என்றார். நான் கையைக்கூடத் துடைக்காமல் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அப்புறம்தான் என் போனை எடுத்துப் படித்தேன். கேட் திறக்கிறது. பஸ், லாரி, டிராக்டர், பைக் எல்லாம் தண்டவாளத்தைத் தாண்டுகின்றன. ரோசலின் ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கிறாள். தர்மராஜ் இல்லை. அவன் கேட்டிலேயே பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான் என்றோ, அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றோ எதுவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பிறகு ரயில் வருகிறது. நிற்கிறது. கதவு அவளுக்கு நேராகத்தான் இருக்கிறது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். ரயில் போய்விடுகிறது. வீட்டில் மாவு அரைக்கவில்லை என்று ஞாபகம் வர, அவள் வெளியே வந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறாள். முற்றும்.

வாசகிகள் பிடித்துத் திட்டினார்கள். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா என்று கேட்டார்கள். ரயிலிலாவது ஏற்றி அனுப்பியிருக்கலாமே என்று வேலூர்ப் பெண் அழுகிற முகங்களாகப் போட்டிருந்தாள். நான் அவளுக்கு ஏதாவது பதில் எழுதலாம் என்று பார்த்தேன். அவள் கேட்டதைத்தான் நானும் கேட்க நினைத்தேன், அதனால் எழுதவில்லை.

பாஸ்காவன்று மத்தியானம் சாப்பிட அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். அண்ணனைச் சுவரோரம் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார். பாஸ்கா நாள், அதுவும் பட்டப்பகல், என்ன அதிசயமோ, அவன் குடித்திருக்கவில்லை. இடுப்பு வலியில் முகம் வெளுத்திருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டவன் திடீரென்று நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான்.

"அந்தப் புள்ள என்னாச்சு? கேட்டு தெறந்துச்சா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தானே அண்ணி நாற்பது நாளும் என் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார். நேற்றுக் கேட்டிருக்கக் கூடாதா இந்தப் பாவி? அண்ணி கரண்டியைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெறந்துச்சு. கத முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

"யாரு வந்து கூட்டிட்டுப் போனா?"

"யாரும் வரல. அவளா வூட்டுக்கு வந்துட்டா."

அண்ணன், அதுவும் சரிதான், பொம்பளை பின்னே எங்கே போவாள் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அண்ணி குனிந்து அவன் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தார்.